பொறியியலுக்கு எந்தக் குரூப்? பதினொன்றாம் வகுப்புப் பாடத் தேர்வு பற்றி ஓர் ஆய்வு

பத்தாம் வகுப்பு முடிவுகள் வெளியானதும் தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு கேள்வி கிளம்புகிறது. "பொண்ணு இன்ஜினீயரிங் படிக்கணும்னு சொல்றா. பயோ மேத்ஸ் எடுக்கட்டுமா, கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கட்டுமா?" அண்டை வீட்டு அண்ணன், டியூஷன் ஆசிரியர், சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கும் மாமா என்று ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் ஏற்கெனவே முடிவாகிவிட்டன, நான்காவது பாடத்தில்தான் எதிர்காலம் அடங்கியிருக்கிறது என்பது போலவே பேச்சு நடக்கிறது.

நான்காவது பாடம் பொறியியல் படிப்பில் உண்டாக்கும் வேறுபாடு சிறியது. பிள்ளை சேரப்போகும் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக் கணிதமும் இயற்பியலும் உண்மையாகவே நடத்தப்படுகின்றனவா என்பது உண்டாக்கும் வேறுபாடு மிகப் பெரியது. முதலாவதைப் பற்றி நாள்கணக்கில் விவாதிக்கிறோம். இரண்டாவதைப் பற்றிச் சேர்க்கை நாளில் ஒருவரும் கேட்பதில்லை. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியைத்தான் முன்னே வைக்கிறது.

இப்போதுள்ள ஏற்பாடு எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியது. அதற்கு முன் கல்லூரியில் பி.யூ.சி. என்று ஓராண்டு படித்தது, பள்ளியில் இரண்டாண்டு படிப்பாக மாறியது. பாடத் தொகுப்பைக் குறிக்கும் குரூப் என்ற சொல்லும் அதன் வரிசையும் அந்தப் பள்ளி ஏற்பாட்டில் வேரூன்றின. 1984-இல் தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் டூ மதிப்பெண் 200-க்கும் நுழைவுத் தேர்வு 100-க்கும் கணக்கிடப்பட்டு, மொத்தம் 300-க்குத் தரவரிசை போடப்பட்டது. கிராமப்புற மாணவர்களை அந்தத் தேர்வு பின்னுக்குத் தள்ளுகிறது என்ற குரல் வலுத்தது. அதை நீக்க 2005-இலும் 2006-இன் தொடக்கத்திலும் நடந்த முயற்சிகள் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. பிறகு முனைவர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரையை அடியொற்றிப் புதிய சட்டம் இயற்றப்பட்டது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு அது 2007-இல் நடைமுறைக்கு வந்தது.

அன்றுமுதல் பொறியியல் சேர்க்கை முழுக்கவும் பிளஸ் டூ மதிப்பெண்ணை நம்பியே நடக்கிறது. கட்-ஆஃப் கணக்கு எளியது: கணித மதிப்பெண் முழுதாகவும் இயற்பியல், வேதியியல் மதிப்பெண்கள் பாதியாகவும் சேர்க்கப்பட்டு 200-க்குக் கூட்டப்படும். கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 90 வாங்கியவருக்கு 92, 44, 45 சேர்ந்து 181. ஆகக் கணிதம் ஒன்றே மற்ற இரண்டுக்கும் சமமான எடை கொண்டது. நான்காவது பாடத்துக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. இருவரின் கட்-ஆஃப் சமமாக வந்தால் முதலில் கணிதமும் அடுத்து இயற்பியலும் பார்க்கப்படும். அங்கும் சமமானால்தான் நான்காவது பாடத்தின் முறை வரும். 2025-இல் 200-க்கு 200 எடுத்தவர்களே நூற்றுக்கும் மேற்பட்டோர் இருந்ததால், பட்டியலின் உச்சியில் இருப்பவர்களுக்கு இது பொருட்படுத்தத்தக்க விஷயம்தான். மற்ற மாணவர்களின் சேர்க்கையில் அது பெரும்பாலும் எதையும் மாற்றுவதில்லை.

இங்கே எல்லாரும் தவறவிடும் ஒரு முரண் இருக்கிறது. கட்-ஆஃபில் கணக்கிடப்படுவது பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டுமே. பொறியியல் படிப்பின் அடித்தளமோ பெரும்பாலும் பதினொன்றாம் வகுப்புப் புத்தகங்களில் இருக்கிறது.

மாநிலப் பாடத்திட்ட இயற்பியல் புத்தகங்களை எடுத்துப் பாருங்கள். இயக்கவியல், இயக்க விதிகள், வேலை, ஆற்றல், திறன், திண்மப்பொருள்களின் இயக்கம், பருப்பொருளின் பண்புகள், வெப்ப இயக்கவியல், அலைவுகள், அலைகள் எல்லாமே பதினொன்றில் வருகின்றன. பன்னிரண்டில் நிலை மின்னியல், மின்னோட்டம், காந்தவியல், மாறுதிசை மின்னோட்டம், ஒளியியல், அணு, எலக்ட்ரானியல் என்று பாடம் வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. சிவில் அல்லது மெக்கானிக்கல் எடுக்க நினைக்கும் மாணவருக்கு வேண்டிய விசை, திருப்புத்திறன், தகைவு, திரிபு, வெப்பம் ஆகியவை ஏறத்தாழ முழுவதும் பதினொன்றாம் வகுப்புச் சொத்து. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலில் சென்டம் எடுத்த ஒருவர், ஒரு சாய்தளத்தின் மேலுள்ள பொருளின் மீது செயல்படும் விசைகளைப் படம் வரைந்து பிரித்துக் காட்டத் தெரியாமல் மெக்கானிக்கல் வகுப்பில் உட்கார்ந்திருக்க முடியும். அவருடைய மதிப்பெண் பொய்யானதல்ல. அந்தத் தேர்வு இந்தப் பாடத்தைக் கேட்கவே இல்லை.

கணிதத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. சார்புகள், முக்கோணவியல், ஈருறுப்புத் தேற்றம், அணிகளும் அணிக்கோவைகளும், வெக்டர், எல்லைகளும் தொடர்ச்சியும், வகையிடல், தொகையிடலின் தொடக்கம், நிகழ்தகவின் தொடக்கம் ஆகியவை பதினொன்றாம் வகுப்பில் உள்ளன. பன்னிரண்டில் வருபவற்றில் பாதி இவற்றின் பயன்பாடுகள்: அணிகளின் பயன்பாடுகள், வெக்டரின் பயன்பாடுகள், வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள், தொகையிடலின் பயன்பாடுகள், வகைக்கெழுச் சமன்பாடுகள். வகையிடல் என்பது ஒரு வளைவரையின் ஏற்ற இறக்கத்தைப் பற்றியது என்று பதினொன்றில் புரிந்துகொள்ளாதவர், பன்னிரண்டில் பெரும மதிப்புக் கணக்குகளைச் சூத்திரமாக மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கிவிட முடியும். கல்லூரியில் அந்த வழி அடைபட்டுவிடும்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் முதல் பருவத்துக் கணிதத் தாளின் பெயரே அணிகளும் நுண்கணிதமும் என்பதாகத்தான் இருந்தது. ஐகன் மதிப்புகளில் தொடங்கி, எல்லைகளையும் வகையிடலையும் ஒரே அலகில் கடந்து, பல மாறிகள் கொண்ட சார்புகள், தொகையிடல், இரட்டைத் தொகையீடு, மும்மைத் தொகையீடு என்று ஒரே பருவத்தில் அது முடிந்துவிட்டது. இரண்டாம் பருவத்தில் புள்ளியியலும் எண்சார் முறைகளும் வந்தன. மாணவர்கள் 'எம்-ஒன்' என்று அழைக்கும் அந்த முதல் தாளில் அரியர் வைத்து, அதைக் கடைசி ஆண்டு வரை சுமந்து திரியும் பிள்ளைகள் ஏராளம். அவர்களில் பலர் பிளஸ் டூவில் கணிதத்தில் தொண்ணூறுக்கு மேல் எடுத்தவர்கள். ஆசிரியர்கள் இதைப் 'பேசிக்ஸ் இல்லை' என்ற இரண்டு சொற்களில் முடித்துவிடுகிறார்கள். அந்த அடிப்படை எந்த வகுப்பில் விடுபட்டது, ஏன் விடுபட்டது என்று கேட்டால் பதில் பெரும்பாலும் பதினொன்றாம் வகுப்பில்தான் போய் நிற்கும்.

விடுபட்ட ஓர் ஆண்டு

ஏன் விடுபட்டது என்பதற்கான பதில் தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். நுழைவுத் தேர்வு போன பிறகு பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே எல்லாம் என்றானது. பல பள்ளிகள், குறிப்பாக முடிவுகளைப் பதாகையில் போட்டுச் சேர்க்கை நடத்திய பள்ளிகள், பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கின. இரண்டாண்டும் ஒரே புத்தகம், ஒரே கேள்விகள். வினாத்தாள் எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண்ணுக்கு வரும் என்ற ப்ளூபிரிண்ட் கையில் இருந்ததால் சில பாடங்களைத் தொடாமலேயே முழு மதிப்பெண் எடுக்கலாம் என்ற நிலையும் இருந்தது. இந்தப் பிள்ளைகள் கல்லூரியின் முதலாண்டிலும் அகில இந்தியத் தேர்வுகளிலும் தடுமாறியதைக் கல்வித்துறையே ஒப்புக்கொண்டது.

அதன் விளைவாக 2017-18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வந்தது. பாடத்துக்கு 200 என்றிருந்த மதிப்பெண் 100 ஆனது. இரண்டு மொழித்தாளும் நான்கு பாடமும் சேர்த்து மொத்தம் 600. நுழைவுத் தேர்வை நீக்கப் பரிந்துரைத்த அதே அனந்தகிருஷ்ணனின் தலைமையில்தான் புதிய பாடத்திட்டமும் உருவானது. 2018-19-இல் பதினொன்றுக்கும் அடுத்த ஆண்டு பன்னிரண்டுக்கும் புதிய புத்தகங்கள் வந்தன. ப்ளூபிரிண்டும் போனது. இந்த மாற்றத்தைத் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வியில் நடந்த நல்ல காரியங்களில் ஒன்றாக நான் கருதுகிறேன். ஆனால் இரண்டாண்டு மதிப்பெண்ணையும் சேர்த்து 1200-க்குக் கணக்கிடும் எண்ணம் 2018-லேயே கைவிடப்பட்டு, உயர்கல்விச் சேர்க்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டும் போதும் என்றானது. பதினொன்றின் பொதுத் தேர்வு தேர்ச்சிக்கான தேர்வாக மட்டும் எஞ்சியது.

2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, 2025-26 முதல் அந்தப் பொதுத் தேர்வும் நீக்கப்பட்டுவிட்டது. பதின்வயதுப் பிள்ளைகள் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று ஆண்டு தொடர்ந்து பொதுத் தேர்வு எழுதும் அழுத்தம் குறைய வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்தக் காரணம் மெய்யானது. பிள்ளைகளின் தூக்கத்தையும் உடலையும் பார்த்தவர்கள் யாரும் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் 2017-க்கு முன் நடந்தது மீண்டும் நடக்காமலிருக்க என்ன ஏற்பாடு என்ற கேள்விக்கு விடை வேண்டும். பொதுத் தேர்வு இல்லாத வகுப்பில் பாடம் நடக்கிறதா என்பதைப் பார்க்கும் வேலை இனிப் பள்ளிக்கும் பெற்றோருக்கும் வந்து சேர்கிறது. பெற்றோர் பலர் தாங்களே பிளஸ் ஒன் படிக்காதவர்கள். அவர்களிடம் இந்த வேலையை ஒப்படைப்பது அநீதி. கட்-ஆஃப் கணக்கில் பதினொன்றாம் வகுப்புக்கும் ஒரு சிறு பங்கு கொடுப்பதையோ, பன்னிரண்டாம் வகுப்பு வினாத்தாளில் பதினொன்றின் கருத்துகள் தேவைப்படும் கணக்குகளைச் சேர்ப்பதையோ அரசு மீண்டும் ஆராய வேண்டும் என்பது என் கருத்து.

அகில இந்தியப் பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. எழுதும் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அந்தத் தேர்வு இரண்டாண்டுப் பாடத்தையும் கேட்கிறது. அதற்குத் தயாராகிறவர் இயக்கவியலைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. அதனாலேயே ஜே.இ.இ.யில் இடம் கிடைக்காமல் மாநிலக் கவுன்சலிங் வழியாக வரும் மாணவர்களும் முதலாண்டில் சற்று எளிதாக நடைபோடுகிறார்கள். பயிற்சி மையத்துக்கு லட்சக்கணக்கில் செலவழித்துக் கிடைக்கும் இந்த நன்மை, பதினொன்றாம் வகுப்பை ஒழுங்காக நடத்தும் எந்த அரசுப் பள்ளியிலும் செலவில்லாமல் கிடைக்கக்கூடியதே.

நான்காவது பாடம்

இனி வீடுகளில் விவாதிக்கும் கேள்விக்கு வருவோம். கணினி அறிவியலா, உயிரியலா?

பள்ளியில் கணினி அறிவியல் எடுத்தவர் பதினொன்றில் சி பிளஸ் பிளஸ்ஸும் பன்னிரண்டில் பைத்தானும் தரவுத்தளமும் கற்கிறார். நல்ல பாடம்தான். ஆய்வகமும் ஆசிரியரும் உள்ள பள்ளியில் அது பிள்ளையின் சிந்தனையைத் திருத்தும். ஆனால் அதை எடுக்காதவருக்கு இழப்பு என்ன? பொறியியலின் முதலாண்டிலேயே எல்லாப் பிரிவினருக்கும் நிரலாக்கம் வருகிறது. அது படிமுறை என்றால் என்ன என்ற இடத்திலிருந்து தொடங்குகிறது. பள்ளியில் கம்ப்யூட்டரைத் தொடாதவரையும் மனத்தில் வைத்துத்தான் அந்தப் பாடம் எழுதப்பட்டிருக்கிறது. சில மாதம் திணறுவார், பிறகு சேர்ந்துகொள்வார். பயோ மேத்ஸ் படித்து கம்ப்யூட்டர் சயின்ஸ் பொறியியலில் சிறந்து விளங்குபவர்களை எந்தக் கல்லூரியிலும் காணலாம். கணிதத்துக்கு இப்படி ஒரு வாய்ப்பு கல்லூரியில் கிடைப்பதில்லை. நுண்கணிதத்தை முதல் பருவத்தில் தொடக்கத்திலிருந்து சொல்லித் தர அங்கே யாருக்கும் நேரமில்லை.

பாடத் தேர்வைப் பற்றிச் சிந்திப்பவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுவே: பிறகு கற்றுக்கொள்ளக் கூடியது எது, இப்போது விட்டால் பிறகு பிடிக்க முடியாதது எது? நிரல் எழுதுவதைப் பதினெட்டில் தொடங்கலாம், இருபத்தைந்திலும் தொடங்கலாம். உயிரியலையும் தேவைப்படும்போது படிக்கலாம். பயோடெக்னாலஜி, பயோமெடிக்கல் போன்ற பொறியியல் பிரிவுகளில் மாநிலக் கவுன்சலிங் வழியாகச் சேர்பவர்களிலும் பள்ளியில் உயிரியல் படிக்காதவர்கள் இருக்கிறார்கள். கணிதம் மட்டும் படிப்படியாக, ஆண்டுகள் ஊறி வர வேண்டியது. இயற்பியல் இந்த இரு வகைக்கும் இடைப்பட்டது. வேதியியலைப் பெரும்பாலான பிரிவுகளில் முதலாண்டோடு கடந்துவிடலாம், கெமிக்கல், பெட்ரோலியம், ஜவுளி, தோல் போன்ற பிரிவுகளில் அது கடைசிவரை கூடவே வரும்.

எனவே உயிரியலா, கணினியா என்ற முடிவுக்கு நான் சொல்லும் அளவுகோல் ஒன்றுதான். மருத்துவமும் மனத்தில் இருந்தால் உயிரியல். நீட் தேர்வு இயற்பியல், வேதியியல், உயிரியலைக் கேட்கிறது. பயோ மேத்ஸ் எடுத்தால் இரண்டு கதவும் திறந்திருக்கும். மருத்துவத்தில் விருப்பமே இல்லை என்றால், வேலைப்பளு குறைவான, பள்ளியில் நன்றாக நடத்தும் பாடம் எதுவோ அது. நான்காவது பாடம் கணிதத்தின் நேரத்தைத் தின்னக் கூடாது. இரண்டு கதவையும் திறந்து வைக்கிறோம் என்று நீட்டுக்கும் ஜே.இ.இ.க்கும் ஒரே பிள்ளையை ஒரே சமயத்தில் பயிற்சி மையத்துக்கு அனுப்பும் வழக்கத்தை நான் ஆதரிக்கவில்லை. இரண்டும் வெவ்வேறு விதமான தேர்ச்சியைக் கேட்பவை. அந்தப் பிள்ளை இரண்டுக்கும் நடுவே களைத்துப் போவதைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

பொறியியல் பிரிவு எதுவானாலும் கணிதம் அங்கே வேலை செய்யும் விதம் மட்டும் மாறுகிறது. மின்னியலில் மாறுதிசை மின்சுற்றைக் கணக்கிடக் கலப்பு எண்கள் வேண்டும். கட்டடவியலில் உத்தரத்தின் வளைவைக் காண வகைக்கெழுச் சமன்பாடு வேண்டும். செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும் இப்போது எல்லாரும் ஓடிப்போய்ச் சேரும் பிரிவுகள். அவை அணிகளின் மீதும் நிகழ்தகவின் மீதும் வகையிடலின் மீதும் கட்டப்பட்டவை. கம்ப்யூட்டர் பிரிவுக்குக் கணிதம் அதிகம் தேவைப்படாது என்று நினைத்துச் சேர்பவர்கள் மூன்றாம் பருவத்தில் தனிநிலைக் கணிதத்தைச் சந்திக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தின் கடைசி அத்தியாயமும் அதே பெயரில்தான் இருக்கிறது. கடைசியில் இருப்பதால் அவசரமாக ஓட்டிவிடப்படும் அத்தியாயம் அது.

ஒரு குழப்பத்தைத் தனியே எச்சரிக்க வேண்டும். வணிகக் கணிதமும் புள்ளியியலும் என்ற பாடம் காமர்ஸ் குரூப்களில் உண்டு. பெயரில் கணிதம் இருப்பதால் பிறகு பொறியியலுக்கும் போகலாம் என்று நினைத்து அதில் சேரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பொறியியல் சேர்க்கைக்குக் கேட்கும் கணிதம் அதுவல்ல. கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றையும் படித்து, அவற்றில் பொதுப் பிரிவினர் 45 விழுக்காடும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினர் 40 விழுக்காடும் எடுத்திருக்க வேண்டும். மத்தியப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புக் கணிதமே ஸ்டாண்டர்ட், பேசிக் என்று 2020 தேர்வு முதல் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. எளிது என்பதற்காகப் பேசிக் எடுப்பவர் பதினொன்றில் கணிதம் எடுக்க நினைத்தால் பள்ளியின் விதியை முன்பே விசாரித்துக்கொள்வது அவசியம். பிள்ளைகளின் பாதை எவ்வளவு இளம் வயதில் பிரிகிறது என்பதற்கு இது ஒரு சான்று. பதினான்கு வயதில் ஒரு படிவத்தில் இடும் குறி, பதினெட்டு வயதில் ஒரு வாசலை மூடக்கூடும்.

தேர்வு யாருடையது?

இதுவரை பாடத்தை மாணவர் தேர்ந்தெடுக்கிறார் என்ற அனுமானத்தில் எழுதினேன். பல ஊர்களில் அது உண்மையல்ல. பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் எந்தக் குரூப் இருக்கிறதோ அதுதான் பிள்ளையின் தேர்வு. கணித ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் கணிதமுள்ள முதல் குரூப் பெயருக்கு இருக்கும், பாடம் நடக்காது. பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளியில் எல்லாக் குரூப்பும் இருக்கும். பையனை மிதிவண்டியிலோ பேருந்திலோ அனுப்பும் வீடு, பெண்ணை அனுப்பத் தயங்கும். அவள் உள்ளூரில் இருக்கும் குரூப்பில் சேர்ந்துவிடுவாள். அவளுடைய பொறியியல் கனவு அங்கேயே முடிந்தது என்று யாரும் அவளிடம் சொல்வதுகூட இல்லை.

இதோடு மதிப்பெண் வரிசை வேறு. பத்தாம் வகுப்பில் அதிகம் எடுத்தவருக்கு முதல் குரூப், அடுத்தவருக்கு சயின்ஸ், பிறகு காமர்ஸ், மிச்சமானவருக்குத் தொழிற்கல்வி என்று ஓர் ஏணி பள்ளிகளில் நெடுங்காலமாக இருக்கிறது. பத்தாம் வகுப்பு மொத்த மதிப்பெண் ஐந்து பாடங்களின் கூட்டு. சமூக அறிவியலிலும் ஆங்கிலத்திலும் சறுக்கி, கணிதத்தில் தொண்ணூறு எடுத்த பையனை முதல் குரூப்பில் சேர்க்க மறுப்பது எந்தக் கல்வி நியாயத்திலும் அடங்காது. கணிதமும் அறிவியலும் எப்படி இருக்கின்றன என்று தனியே பார்த்து முடிவெடுப்பதுதான் முறை. ஏணியின் அடியில் வைக்கப்பட்ட தொழிற்கல்விக்கும் நியாயம் செய்ய வேண்டும். அடிப்படை இயந்திரவியல், அடிப்படை மின் பொறியியல், ஜவுளித் தொழில்நுட்பம் போன்ற பிரிவுகளில் படித்தவர்களுக்குப் பொறியியல் சேர்க்கையில் தனி ஒதுக்கீடும் தனித் தரவரிசையும் உண்டு. பட்டறையில் கை பழகிய அந்தப் பிள்ளைகள் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் போய்விடுகிறது.

2021-இல் வந்த சட்டம் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கியது. கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மருத்துவத்தில் அதற்கு முந்தைய ஆண்டே இது வந்துவிட்டது. பெரிய சமூக நீதிச் செயல் இது. ஆனால் இந்த ஒதுக்கீட்டின் கதவு வரை வந்து சேர்வதற்கும் பதினொன்றில் கணிதக் குரூப் கிடைத்திருக்க வேண்டும். அது கிடைக்காத ஊர்ப் பிள்ளைக்கு 7.5 விழுக்காடும் எட்டாது.

வேறொரு பக்கத்திலிருந்து இந்தத் தடையையே நீக்கிவிடலாம் என்ற யோசனை வந்தது. 2021-இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, இயற்பியலும் கணிதமும் கட்டாயமில்லை, பதினான்கு பாடங்கள் கொண்ட பட்டியலில் ஏதேனும் மூன்று படித்திருந்தால் போதும் என்று தன் கையேட்டில் அறிவித்தது. கணினி, எலக்ட்ரானிக்ஸ், உயிரியல், வேளாண்மை, வணிகப் படிப்பு, தொழில்முனைவு எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. கணிதமும் இயற்பியலும் படிக்காமல் வருபவர்களுக்குக் கல்லூரியில் பிரிட்ஜ் கோர்ஸ் நடத்தலாம் என்றார்கள். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அடுத்த ஆண்டு, கட்டடக் கலை, ஃபேஷன் தொழில்நுட்பம், பேக்கேஜிங் தொழில்நுட்பம் ஆகிய மூன்றுக்கு மட்டும் அந்தத் தளர்வு என்று நின்றது. கதவைத் திறக்கும் நோக்கத்தை மதிக்கிறேன். ஆனால் இரண்டாண்டுக் கணிதத்தைச் சில வாரப் பிரிட்ஜ் கோர்ஸில் ஈடுகட்ட முடியாது. சேர்த்துக்கொண்டு தோல்வியடைய விடுவது, சேர்க்காமல் விடுவதைவிடக் கொடியது. வங்கிக் கடன் வாங்கிச் சேர்த்த குடும்பத்துக்கு அந்தத் தோல்வி பணமாகவும் விழும். கதவை உண்மையாகத் திறக்க வேண்டுமானால் பள்ளியில் கணித ஆசிரியரை நியமிப்பதே வழி.

மொழியையும் மறந்துவிடக் கூடாது. தமிழ் வழியில் வகை நுண்கணிதம், அணிக்கோவை, வெக்டர் இயற்கணிதம் என்று நன்றாகப் புரிந்து படித்த பிள்ளை, கல்லூரியின் முதல் வாரத்தில் அதே கருத்துகளை ஆங்கிலப் பெயர்களில் கேட்டு, தனக்கு எதுவுமே தெரியாது என்று நம்பத் தொடங்குகிறது. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ் வழியில் தொடங்கியது. மற்ற பிரிவுகளுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வாய்ப்பில்லை. இதற்காகப் பதினொன்றில் ஆங்கில வழிக்கு மாறுவது பெரும்பாலும் தவறான மருந்து. புரிந்துகொண்டிருந்த ஒன்றைப் புரியாத மொழியில் மனப்பாடம் செய்ய வைப்பதில் போய் முடியும். தமிழ் வழியிலேயே படித்து, ஒவ்வொரு அத்தியாயத்தின் கலைச்சொற்களுக்கும் ஆங்கிலப் பெயரை ஒரு நோட்டில் எழுதி வருவது போதும். புத்தகத்தின் பின்பகுதியிலேயே பெரும்பாலும் அந்தச் சொற்பட்டியல் இருக்கிறது. கணிதம் தெரிந்தவர் ஆங்கிலத்தை ஓராண்டில் பிடித்துவிடுவார். அந்தத் தன்னம்பிக்கையைத் தருவது ஆசிரியரின் வேலை.

கணிதக் குரூப் கிடைக்காமல் போனவர்களுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. பத்தாம் வகுப்பு முடித்து மூன்றாண்டு பாலிடெக்னிக் டிப்ளமோ படித்தவர், பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அரசு பாலிடெக்னிக்கில் கட்டணம் குறைவு, ஆய்வகப் பயிற்சி அதிகம். பொறியியல் கணிதத்தையும் அங்கே முதல் பருவத்திலிருந்தே சொல்லித் தருகிறார்கள். கணினித் துறை மட்டும்தான் குறிக்கோள் என்றால் பி.சி.ஏ., பி.எஸ்சி., பிறகு எம்.சி.ஏ. என்ற பாதையும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் இணையவழிப் பட்டம், பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்து, பன்னிரண்டும் முடித்தவர்களைத் தகுதித் தேர்வின் வழியே சேர்த்துக்கொள்கிறது. பன்னிரண்டில் எந்தக் குரூப் என்று அது கேட்பதில்லை. ஆனால் அங்கும் முதல் கட்டத்திலேயே கணிதமும் புள்ளியியலும் காத்திருக்கின்றன.

இவ்வாண்டு பிள்ளையைப் பதினொன்றில் சேர்க்கப் போகும் பெற்றோர் தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டியவை சில. கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா? பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை எந்த மாதத்தில் தொடங்குவீர்கள்? பதினொன்றாம் வகுப்பில் இயற்பியல் செய்முறை வகுப்பு வாரத்துக்கு எத்தனை? ஆண்டு இறுதித் தேர்வு வினாத்தாள் முழுப் பாடத்திலிருந்தும் வருமா? இவற்றுக்கு நேரான பதில் தரும் பள்ளி சிறிய கட்டடத்தில் இருந்தாலும் சேர்க்கலாம். 'பிளஸ் ஒன்லயே பிளஸ் டூ போர்ஷன முடிச்சிருவோம்' என்று பெருமையாகச் சொல்லும் பள்ளி, பொறியியல் படிக்க விரும்பும் பிள்ளைக்கு ஏற்றதல்ல.